வேட்டுக்குப் பின் ஆசீர்வாதம்

ராணுவத்தில் மத போதகர் பணிக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தில், வேலை என்ன என்பதை ஒரே பத்தியில் சொல்லிவிடுவார்கள். வீரர்களுக்குச் சமய போதனை செய்ய வேண்டும். அடக்கங்களுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைக் கவனிக்க வேண்டும், தேறி வருபவர்களோடு ஜெபிக்க வேண்டும், தண்டனையில் இருக்கும் வீரர்களைப் போய்ப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி தர வேண்டும். பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரி எல்லாருக்கும் இதே பட்டியல்தான். பாதிரியார் மட்டும் முறைப்படி குருப்பட்டம் பெற்றவராக, உள்ளூர்ப் பேராயரின் பட்டியலில் இருப்பவராக இருக்க வேண்டும். தேர்வானால் நாயப் சுபேதார் பதவி.

துப்பாக்கியை ஆசீர்வதிக்க வேண்டும், வெற்றிக்காக ஜெபிக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலில் எங்கும் கிடையாது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் நான் தேடிய வரி அதுதான். அது இல்லை என்று உறுதியான பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் விளம்பரத்தில் இல்லாதது பரேடு மைதானத்தில் இருக்கும். மதராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம், 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு'. வடக்கே பல படைப்பிரிவுகளின் முழக்கத்தில் ஒரு தெய்வத்தின் பெயராவது வரும். நம்மாட்கள் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பிரசங்கத்தை வாசித்துவிட்டு, திங்கட்கிழமை அந்த முழக்கம் எழும் மைதானத்தின் ஓரத்தில் நான் நின்றிருக்கிறேன். சேர்ந்து முழங்கியதில்லை. முழங்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

என்னோடு குருத்துவம் படித்த நண்பர் ஒருவர், நான் சீருடை போட்டதை ஏற்கவே இல்லை. "கொல்லுறதுக்கு முன்னால சம்பளம் வாங்குறவனுக்கும், கொன்ன பிறகு வந்து ஜெபம் பண்ணிச் சம்பளம் வாங்குறவனுக்கும் என்னவே வித்தியாசம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வென்றுவிடும்படியான பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அகுஸ்தீன் தொடங்கி வளர்ந்த நியாயமான போர் என்ற கோட்பாட்டை நாங்கள் இருவருமே படித்துப் பரீட்சை எழுதியவர்கள்தான். குழியருகே நிற்கும்போது அது எனக்கு ஒருநாளும் கைகொடுத்ததில்லை. அங்கே கைகொடுத்தவை, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று நானாகப் போட்டுக்கொண்ட சில கோடுகள்.

இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டியது, பெட்டி விமானத்தில் ஏறும் முன்பே ஊர் ஆலயப் பணியாளரான கோயில்குட்டியாரைப் போனில் பிடித்து, குழி எவ்வளவு அகலம் வெட்டுகிறார்கள் என்று கேட்பது. சிரிக்காதீர்கள். ராணுவப் பெட்டி நம் ஊர்த் தச்சர் செய்யும் பெட்டியைவிடப் பெரியது. நம்முடைய கல்லறைத் தோட்டங்களிலோ, தாத்தா பாட்டி கல்லறைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில்தான் புதுக் குழி விழும். தூக்கி வருபவர்கள் இரண்டு பக்கமும் கால் வைக்க இடம் வேண்டும். வேட்டு வைக்கும் அணி ஒரு வரிசையாக நிற்க இடம் வேண்டும். மாவட்ட ஆட்சியர், எம்எல்ஏ, மலர்வளையங்கள், கைப்பேசியை உயர்த்திப் பிடித்த பையன்கள் எல்லாரும் வந்த பிறகு, பெட்டி உள்ளே இறங்காமல் தாயின் கண்ணெதிரே மண்வெட்டியை எடுக்க நேர்ந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. மரியாதை என்பதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி அளவுகள்தான்.

பெட்டிமேல் தேசியக்கொடி போர்த்தியிருக்கும், காவி நிறம் தலைமாட்டில் வரும்படி. அதன்மேல் தொப்பி, பெல்ட். இறக்குவதற்கு முன் கொடியை எடுத்து மடித்து மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுப்பார்கள். குழிக்குள் கொடி இறங்கக் கூடாது, சிதையில் எரியவும் கூடாது என்று கொடி விதிகளில் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் கொடியின் மரியாதையை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். நான் அதை இறந்தவனின் மரியாதைக்கான விதியாக வாசித்துக்கொண்டேன். கொடி விலகியதும் அவன் மறுபடி ஒரு வீட்டுப் பிள்ளை. அந்த நொடியிலிருந்து பதவியையும் எண்ணையும் விட்டுவிட்டு, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தான் மண்ணுக்கு ஒப்புக்கொடுப்பேன். அந்தப் பெயர் ராணுவப் பதிவில் இருக்கும் பெயராக இருக்காது. வீட்டில் கூப்பிடும் பெயராகவும் இருக்காது. அதற்காகவே முந்தின நாள் கோயில் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்துக்கொள்வேன்.

பிறகு அணி வானத்தை நோக்கி மூன்று சுற்று சுடும். பியூகிளில் லாஸ்ட் போஸ்ட், சற்று மௌனம், ரௌஸ். பொதுவாக அதோடு எல்லாம் முடிந்து கூட்டம் கலையும். பாதிரியின் பங்கு அதற்கு முன்பே முடிந்திருக்கும். நான் ஒவ்வொரு முறையும் அணியின் சுபேதாரைத் தனியாகப் பார்த்து, "சாப், பியூகிள் முடிஞ்சதும் அணியைக் கலைக்காதீங்க, எனக்கு ஒரு நிமிஷம் வேணும்" என்று கேட்டுக்கொள்வேன். அந்த நிமிஷத்தில்தான் ஆசீர்வாதம் கூறுவேன். இதனால் எந்த ஒழுங்கும் மீறப்படவில்லை. சர்தார்ஜி ஒருவர் மட்டும் ஏன் என்று கேட்டார். "சின்னப் பிள்ளைங்க நிக்குது சாப். வேட்டுச் சத்தத்தைக் காதில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டாம்" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். அடுத்த முறை நான் கேட்காமலே அணியை நிறுத்தி வைத்திருந்தார்.

இனி, சொல்லாமல் விட்டவை. சிநேகிதருக்காக உயிரைக் கொடுப்பதைப் பற்றி யோவான் சுவிசேஷத்தில் ஒரு வசனம் இருக்கிறது. உலகெங்கும் போர் நினைவுச் சின்னங்களில் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். போர்வீரனின் அடக்கத்தில் நான் அதை வாசித்ததே இல்லை. அதைச் சொன்னவர், தன்னைக் காக்க உருவப்பட்ட வாளை உறையில் போடச் சொல்லிவிட்டுப் பிடிபட்டவர். அவருடைய மரணத்தையும் துப்பாக்கி ஏந்தியிருந்த ஒருவனின் மரணத்தையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டு பேரைப் பற்றியும் பொய் சொன்னதாகும். வேறு வசனத்துக்கா பஞ்சம்? சங்கீதங்களில் அழுகை கொட்டிக் கிடக்கிறது.

'நாட்டுக்காக உயிரைக் கொடுத்தான்' என்று மேடையில் சொல்வார்கள். பல பேர் கொடுக்கவில்லை; அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் முகாமின்மேல் பனிப்பாறை சரிந்தது. புதையுண்ட பத்துப் பேரும் 19-ஆம் மதராஸ் பட்டாலியனோடு இருந்தவர்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 19,000 அடிக்கு மேல். ஆறு நாள் கழித்துத் தோண்டியபோது லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு இருந்தார். டெல்லி ஆஸ்பத்திரியில் 11-ஆம் தேதி இறந்தார். அங்கே 2003-லிருந்தே போர்நிறுத்தம் இருந்தது. அந்தப் பனியாற்றில் தோட்டாவைவிடக் குளிரும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. அப்படிச் செத்தவனின் வீட்டில் போய், எதிரியை வீழ்த்திய வீரமரணம் என்று பேசினால் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளை எப்படிச் செத்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகனை அடக்கம் செய்த சில நாட்களில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவர்கள் அவர்கள். வந்தவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருந்து, என் எதிரே பாயில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

"ஐயரே, எம் மவன் யாரையாவது கொன்னுருப்பானா?"

எனக்குப் பதில் தெரியும். காஷ்மீரில் ஒரு மோதலுக்குப் பிறகு அந்தப் பையன் என்னிடம் வந்திருந்தான். வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "செத்தவன் சட்டைப்பையில பஸ் டிக்கெட் இருந்துச்சு ஐயரே. முந்தின நாள் டிக்கெட்" என்றான். 'கடமையைத்தானே செய்தாய், பாவம் இல்லை' என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி அனுப்புவது சுலபம். அதைக் கேட்கவா அவன் வந்தான்? 'பாவம்' என்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவனை அங்கே அனுப்பியவர்களில் வரி கட்டும் நானும் ஒருவன். டிக்கெட்டுக்காரனுக்காக ஜெபிக்கலாமா என்று அவனே கேட்டான். பெயர் தெரியாததால் பெயர் இல்லாமலே ஜெபித்தோம்.

அந்த அம்மாவிடம், "அவன் எங்கிட்டப் பேசினதெல்லாம் என்னோட போயிரும்மா. ஆனா நீங்க சொல்லிக்கொடுத்ததை அவன் மறக்கல" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்கள். "அப்ப சரி" என்று எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார்கள்.

எதிரியின் பிணத்துக்கு என்ன செய்வது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மௌல்வி. எங்களுக்குள் ஒருவர் தொழிலை மற்றவர் பார்த்துக் கற்பது வழக்கம். ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்துக்கும் இடம் கொடுக்கும் சர்வ தர்ம ஸ்தல் பல முகாம்களில் உண்டு. 1999-ல் கார்கிலில் விழுந்து கிடந்த பாகிஸ்தான் வீரர்களில் பலரின் உடல்களைப் பாகிஸ்தான் தொடக்கத்தில் ஏற்க மறுத்தது, தன் ராணுவமே அங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததால். நம்முடைய ராணுவம் மௌல்விகளை வைத்து, இஸ்லாமிய முறைப்படி, அந்த மலைகளிலேயே அவர்களை அடக்கம் செய்தது. டைகர் ஹில்லில் சண்டையிட்டுச் செத்த, கர்னல் ஷேர் கான் என்ற பெயருடைய கேப்டனின் உடலைத் திருப்பி அனுப்பும்போது, அவருடைய வீரத்தை ஒப்புக்கொள்ளும் குறிப்பு ஒன்றை இந்தியத் தரப்பின் பிரிகேடியர் பாஜ்வா சேர்த்து அனுப்பினார். அந்த மனிதருக்குப் பிறகு பாகிஸ்தானின் மிக உயர்ந்த ராணுவ விருதான நிஷான்-இ-ஹைதர் கிடைத்தது. இறந்த எதிரியைக் கண்ணியமாக, கூடுமானால் அவன் மத முறைப்படியே அடக்கம் செய்ய வேண்டும் என்று 1949-ன் ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. மௌல்வி சாப் ஒப்பந்தத்தைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "கழுவத் தண்ணி கிடையாது பாதிரி சாப். அதுக்கும் எங்க மார்க்கத்தில வழி இருக்கு, மண்ணைத் தொட்டுச் செய்யலாம்" என்று தொழில்முறையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகு, இறந்த வீரனுக்கான என் ஜெபத்தில் ஒரு வரி கூடியது: அதே சண்டையில் மறுபக்கம் இறந்தவர்களுக்காகவும், அவர்கள் வீட்டாருக்காகவும். ஒரு கமாண்டிங் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். "பாதிரி சாப், அந்த வரி அவசியமா?" "சார், எதிரிக்காக ஜெபம் பண்ணச் சொன்னது எங்க முதலாளி" என்றேன். யோசித்துவிட்டு, "சர்ச்சில் சொல்லுங்கள். பெட்டி பக்கத்தில், குடும்பத்தார் எதிரே வேண்டாம்" என்றார். அவர் சொன்னது சரி. துக்கத்தில் நிற்பவர்களிடம் என் கொள்கையைச் சுமக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அன்றிலிருந்து அந்த வரி ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டது. அங்கே அதை நான் ஒரு வாரமும் விட்டதில்லை.

என் மனத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தவர் எங்கள் ஊர் ஹவில்தார் ஒருவர். 1987-ல் இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய், விடுதலைப் புலிகளோடு சண்டையிட்டவர். "ரேடியோவில நாம தமிழ்ல பேசுனா அவனுகளுக்குப் புரிஞ்சிரும்ல. அதனால இந்தியில பேசச் சொல்லுவாங்க. தமிழனுக்குத் தமிழ் தெரியாத மாதிரி நடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டோம் ஐயரே" என்பார். அந்தப் படையில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தில் அந்தப் படையின் கையால் நடந்தவற்றைக் கேட்டுக் கொதித்திருந்த தமிழ்நாட்டில் பலருக்கு அது சரியாகவே பட்டது. எனக்கும் அந்தப் போரில் நியாயம் தெரியவில்லை. ஆனால் ஹவில்தாரின் பக்கத்தில் விழுந்து செத்த இருபத்திரண்டு வயதுப் பையன்? கார்கிலில் செத்தவனுக்கு ஊரெங்கும் ஃபிளெக்ஸ், யாழ்ப்பாணத்தில் செத்தவனுக்கு வாய் திறக்க ஆளில்லை என்றால், நாம் மரியாதை செய்வது மனிதனுக்கா, அந்தந்தப் போருக்குக் கிடைத்த கைத்தட்டலுக்கா? போரின் நியாயத்தில் மரியாதையைக் கட்டிவைத்தால், போர் பிடிக்காமல் போகும்போது பிணமும் பிடிக்காமல் போய்விடுகிறது. எந்தப் போரையும் புகழ வேண்டிய கட்டாயம் இல்லாதவனால்தான் எல்லாப் போரிலும் செத்தவர்களையும் ஒரே மூச்சில் நினைக்க முடியும் என்று அன்று எனக்குப் பட்டது. நண்பரிடம் சொன்னேன். "இது பதில் இல்லவே" என்றார். இருக்கட்டும்.

நாகாலாந்துப் பக்கம் இருந்தபோது கோஹிமா போர்க் கல்லறைக்கு அடிக்கடி போவேன். 1944-ல் ஜப்பானியரோடு சண்டை நடந்த மலைச்சரிவு. டென்னிஸ் மைதானத்தின் இரண்டு பக்கமும் நின்று குண்டெறிந்துகொண்ட இடம். 1,420 கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட 900-க்கும் மேற்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம். 1917-ல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம், அதிகாரி, சிப்பாய், இனம், மதம் என்ற பேதம் இல்லாமல் ஒரே மாதிரி கல் என்று கொள்கை வகுத்தது. நல்ல கொள்கை. எல்லா இடத்திலும் நடந்ததா என்றால் இல்லை; முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர்கூடப் பொறிக்கப்படாமல் விடுபட்டதை அந்த ஆணையமே 2021-ல் அறிக்கையாக ஒப்புக்கொண்டது. நம் ஊர்ப்பக்கமே பாருங்கள்: 1914-லிருந்து 1919 வரை இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று வெள்ளைக்காரன் பதித்த கல் எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. எண் இருக்கும், பெயர் இருக்காது.

கோஹிமாவின் கல் சிலுவையில், தலைகீழாக ஒரு வெண்கல வாளைப் பதித்திருக்கிறார்கள். பிளோம்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவம். உலகம் முழுக்க இந்த ஆணையத்தின் பல கல்லறைகளில் இதே சிலுவை. வாள் கீழ்நோக்கி இருப்பதால் சண்டை முடிந்துவிட்டது என்று பொருள் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. கீழ்நோக்கினாலும் வாள் வாள்தான், அதற்குச் சிலுவையில் வேலை இல்லை. இருந்தாலும் அந்தப் படிகளில் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். அங்கே நவம்பர் 11 வந்தால் எனக்கு இன்னொருவர் நினைவும் வரும். 1918-ல் முதல் உலகப் போர் நின்ற அந்தத் தேதி, திருச்சபையின் பழைய நாட்காட்டியில் தூர் நகரத்துப் புனித மார்ட்டினின் திருநாள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் படையில் இருந்தவர். போருக்கு முந்தின நாள், இனி நான் கிறிஸ்துவின் சிப்பாய், சண்டை போட மாட்டேன் என்று பேரரசன் ஜூலியனிடமே சொன்னார். பயந்தாங்கொள்ளி என்றதும், ஆயுதமில்லாமல் படைக்கு முன்னால் நிற்கத் தயார் என்றாராம். சண்டைக்கு மாட்டேன் என்றவரைத்தான் போர்வீரர்களின் பாதுகாவலராகத் திருச்சபை வைத்திருக்கிறது. இதை ஆராதனையில் சொன்னால் ஜவான்கள் ரசித்துக் கேட்பார்கள். மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியவர் கதை யாருக்குத்தான் பிடிக்காது?

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளில், கல்லறைத் தோட்டத்தில் பெயர் வாசிக்கும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் போய்ப் பெயர் தெரியாமல் போனவர்கள், யாழ்ப்பாணம், கார்கில், பனிச்சரிவு, ரோடு விபத்து எல்லாம் ஒரே பட்டியல், பெயர் தெரிந்தவர்கள் அகர வரிசையில். ஒரு குடியரசு தினத்தில் வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஆலயத்துக்குள் பலிபீடத்தின் பக்கத்திலேயே துப்பாக்கியும் தொப்பியும் வரைந்த பெரிய கட்அவுட் வைத்திருந்தார்கள். எடுத்து வெளியே வாசலில் வைக்கச் சொன்னேன். "என்ன ஐயரே, நீங்களே ராணுவத்தில இருந்தவுக" என்றான் ஒருவன். "இருந்ததனாலதான்" என்றேன்.

இப்போது கையில் இருக்கும் வேலை வேறு. கொடியை மடித்துக் கொடுத்தபின் வருகிற பாடு அது. இறந்த வீரன் ஒருவனின் மனைவிக்குக் கல்யாணப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ராணுவப் பதிவில் இன்னொரு எழுத்து, பென்ஷன் நிற்கிறது. மருமகளுக்குப் போகும் பணத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று மாமியார் ஒரு மனு போட்டிருக்கிறார். கோயில் பதிவேட்டின் நகலில் சேகர குருவின் கையெழுத்து வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிப் போகிறேன். மாமியாரும் வருகிறேன் என்கிறார். வரட்டும். ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டும். நடு சீட்டில் நான் உட்கார்ந்துகொள்வேன்.